தற்செயலும் தேவச்செயலும்: ஜாக் மொனோவின் நூலைக் குறித்து ஒரு திறனாய்வு

பிரெஞ்சு உயிர்வேதியியலறிஞர் ஜாக் மொனோ எழுதிய 'தற்செயலும் இன்றியமையாமையும்' என்னும் நூல் 1970ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அடுத்த ஆண்டே வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னும், இறையியல் பயில்வோரிடையே இந்நூலுக்கு இருவகை வாசகரே இருக்கக் காண்கிறோம். நூலைத் திறவாமலே அதனை நாத்திகத்தின் அறிக்கை என ஒதுக்குவோர் ஒரு வகையினர். இறுதி அதிகாரத்தை மட்டும் படித்து அதற்கு மறுப்புரை எழுதுவோர் மற்றொரு வகையினர். உயிர்களின் உடலை ஆக்கும் கரிம மூலக்கூறுகளைப் பற்றி ஆசிரியர் தம் சொந்த ஆய்வின் உரிமையோடு பேசும் நடுப்பகுதியைப் பொறுமையோடு படித்தவர் மிகச் சிலரே. இக்கட்டுரையாளனும் நெடுங்காலம் இரண்டாம் வகையைச் சேர்ந்திருந்தவனே. அந்த நடுப்பகுதியே நூலின் உயிர் என்பதும், அதனைச் செவ்வையாகப் படித்தவர் இறுதி அதிகாரத்தை ஆசிரியர் விரும்பியவாறு ஏற்க இயலாது என்பதும் இங்கு நான் எடுத்துரைக்க விரும்பும் கருத்தாகும்.

மொனோ 1910இல் பாரிசில் பிறந்தவர். அவருடைய தந்தை ஓர் ஓவியர். ஹியூகனாட் எனப்படும் பிரெஞ்சுச் சீர்திருத்தத் திருச்சபை மரபினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பிரசங்கியாகிய அடால்ஃப் மொனோவைத் தந்த குடும்பமும் இதுவே. மொனோவைப் பகைவர் வரிசையில் நிறுத்திப் பேசுவோர் இதனை நினைவிற் கொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போரின்போது நாட்சியரை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார். பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் அவர் ஆற்றிய பணிக்காக 1965இல் ஃபிரான்சுவா ஜக்கோப், ஆந்திரே லுவோஃப் ஆகிய இருவருடன் நோபல் பரிசு பெற்றார். 1976இல் மறைந்தார். நூலின் இறுதி அதிகாரத்தில் ஒலிக்கும் கண்டிப்பும், மலிவான ஆறுதலை விலக்கும் துணிவும், மனச்சான்றை முன்னிறுத்தும் தொனியும், கடவுளை மட்டும் நீக்கிவிட்ட ஒரு ஹியூகனாட் பிரசங்கம் போலவே எனக்குத் தோன்றுகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இனி நூலின் பொருளுக்கு வருவோம். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டதாகக் கூறுகிறது. அந்த மண் யாதென்று வேதியியலாரைக் கேட்டால் அவர் தரும் கணக்கு மிக எளியது. மனித உடலின் எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆக்சிஜன், 18 விழுக்காடு கார்பன், 10 விழுக்காடு ஹைட்ரஜன், 3 விழுக்காடு நைட்ரஜன். இந்நான்குமே 96 விழுக்காட்டை நிரப்பிவிடுகின்றன. அடுப்புக்கரியிலும் காற்றிலும் கிணற்று நீரிலும் உள்ளவையே இவை. கார்பனை முதுகெலும்பாகக் கொண்டு இவை கூடி அமையும் பொருள்கள் உயிருள்ள உடலில் மட்டுமே, ஓர் உயிர்ச்சக்தியின் துணையால் மட்டுமே உண்டாகக் கூடியவை என்று ஒரு காலத்தில் கருதினர். 1828இல் ஜெர்மானியராகிய ஃபிரீட்ரிக் வோலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை எவ்வித விலங்கின் துணையுமின்றிச் சோதனைச்சாலையில் ஆக்கிக் காட்டினார். உயிர்ச்சக்திக் கொள்கை அன்றைக்கே மடிந்துபோயிற்று என்று பாடநூல்கள் கூறுவது சற்று மிகை. அது மெல்ல மெல்லவே மடிந்தது. நமது பிரசங்க பீடங்களில் அது இன்னும் மடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மொனோ தம் நூலின் நடுப்பகுதியில் வாசகரை அழைத்துச் செல்வது புரதங்களின் உலகத்திற்கு. புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் ஒரே இழையில் மணிகளாகக் கோக்கப்பட்ட சங்கிலி. கோத்து முடிந்ததும் சங்கிலி மடிந்து சுருண்டு தனக்கே உரிய ஒரு வடிவத்தை அடைகிறது. அவ்வடிவத்தினாலேயே அது தொழில் செய்கிறது. உயிரணுவின் நெரிசலில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளுக்கு நடுவே தனக்குரிய ஒன்றை மட்டும் அது இனங்கண்டு பற்றுகிறது. இந்த இனங்காணும் ஆற்றலில்தான் உயிரின் எல்லா நோக்கமுடைமையும் வேர்கொண்டுள்ளது என்பது மொனோவின் கருத்து. ஆனால் அச்சங்கிலியின் வரிசையை உற்றுநோக்கினால் வியப்பு ஒன்று காத்திருக்கிறது. 200 மணிகள் கொண்ட ஒரு புரதத்தில் 199 மணிகளின் வரிசை நமக்குத் தெரிந்திருந்தாலும், எஞ்சிய ஒரு மணி எது என்பதை முன்னறிவிக்கும் விதி எதுவும் இல்லை என்று அவர் எடுத்துக்காட்டுகிறார். வரிசையில் விதி இல்லை. ஆயினும் அவ்வரிசை தலைமுறை தலைமுறையாக ஏறத்தாழப் பிழையின்றிப் படியெடுக்கப்படுகிறது. விதியின்றி அமைந்த ஒன்று விதியைப் போலக் காக்கப்படுகிறது. நூலின் தலைப்பிலுள்ள இரு சொற்களும் இந்த ஒரே உண்மையின் இரு முகங்கள் எனலாம்.

நூலில் மிகச் சிறந்த பகுதி இதன் பின்னரே வருகிறது. நமது குடலில் வாழும் எஷெரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவே மொனோவின் வாழ்நாள் தோழன். இருவகைச் சர்க்கரைகளை ஒன்றாகக் கலந்து கொடுத்தால் இந்நுண்ணுயிர் முதலில் ஒன்றை உண்டு பெருகுகிறது. பின் சிறிது நேரம் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதன் பின்னரே அடுத்ததை உண்ணத் தொடங்குகிறது. 1941இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் மொனோ கண்டது இந்த இடைநிறுத்தத்தைத்தான். அந்தச் சிறுபொழுதில் உயிரணுவினுள் நடப்பது என்ன என்ற கேள்வி அவரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடவில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பிளக்க பீட்டா-கேலக்டோசிடேஸ் என்னும் நொதி வேண்டும். லாக்டோஸ் இல்லாதபோது ஓர் உயிரணுவில் இந்நொதியின் சில மூலக்கூறுகளே இருக்கும். லாக்டோஸ் மட்டுமே உணவாகக் கிடைக்குமானால் அவை ஆயிரக்கணக்கில் பெருகும். காரணம் யாது? டி.என்.ஏ. இழையில் இந்நொதிக்குரிய செய்தி தொடங்கும் இடத்தருகே ஒரு காவற்புரதம் அமர்ந்து வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. லாக்டோஸிலிருந்து உண்டாகும் ஒரு சிறு மூலக்கூறு வந்து அதனைப் பற்றியவுடன் காவற்புரதத்தின் வடிவம் சற்றே திரிகிறது, அது இழையை விட்டு நழுவுகிறது, வழி திறக்கிறது. ஜக்கோப்பும் மொனோவும் அனுமானித்த இக்காவற்புரதத்தை 1966இல் வால்ட்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் பிரித்தெடுத்தனர்.

இதில் எளிதில் கவனிக்கப்படாத ஒரு நுட்பம் உண்டு. நொதியை உண்டாக்கத் தூண்டும் பொருளும் அந்நொதி பிளக்கும் பொருளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற வேதியியல் கட்டாயம் எதுவும் இல்லை. ஐ.பி.டி.ஜி. எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு செயற்கைச் சேர்மத்தைக் கொடுத்தால், பாக்டீரியா நொதியைப் பெருவாரியாக உண்டாக்கிவிடுகிறது. ஆனால் அந்நொதியால் அச்சேர்மத்தைப் பிளக்க முடிவதில்லை. நம் ஆலயமணியை எண்ணிப் பார்க்கலாம். மணியின் வெண்கலத்துக்கும் வழிபாட்டுக்கும் இயற்கையான உறவு ஏதும் இல்லை. சங்கும் அழைக்கலாம், பறையும் அழைக்கலாம், ஒலிபெருக்கியும் அழைக்கலாம். குறும்புக்காரச் சிறுவன் ஒருவன் செவ்வாய்க்கிழமை நண்பகலில் கயிற்றை இழுத்தாலும் சபையார் கூடிவிடக் கூடும். ஐ.பி.டி.ஜி. அந்தச் சிறுவன்.

குறிக்கும் குறிப்பொருளுக்குமிடையே வேதியியல் கட்டு இல்லாத இந்நிலைக்கு மொனோ 'கிராட்டுயிட்டே' என்று பெயரிட்டார். 'இலவசத்தன்மை' என மொழிபெயர்த்தால் தேர்தல் வாக்குறுதிகள் நினைவுக்கு வரும்; ஆகவே 'கட்டின்மை' என்று கூறுவோம். உயிர் என்பது வேதியியல் விதிகளில் ஒன்றையேனும் மீறாமலே, அவ்விதிகள் கட்டளையிடாத ஒன்றைச் செய்ய வல்லதாக இருப்பது இந்தக் கட்டின்மையால்தான் என்று அவர் காட்டுகிறார். எந்தக் குறியையும் எந்தச் செயலோடும் இணைக்கலாம் என்பதனால், பயனுள்ள இணைப்புகள் எவையோ அவை நிலைக்கவும் பெருகவும் இடம் உண்டாயிற்று. இப்பக்கங்களில் மொனோவின் நடையில் ஒரு மகிழ்ச்சி புலப்படுகிறது. தாம் கண்டது உயிரின் செல்வம் என்பதை உணர்ந்தவராகவே எழுதுகிறார்.

கிருபையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் மொனோவின் இச்சொல்லும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்பதைக் கண்டவுடன் துள்ளிக் குதிக்கும் மாணவர் உண்டு. வகுப்பில் ஒருவர் அன்றிரவே பிரசங்கக் குறிப்பு எழுதிவிட்டார். சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாவினுள் கிருபையைக் கண்டெடுப்பது இறையியலன்று, சொல்விளையாட்டு. மொனோவும் அதை மன்னித்திருக்க மாட்டார். எனினும் அவர் தேர்ந்தெடுத்த சொல் 'கைவிடப்பட்ட நிலை' என்பதாகவோ 'வெறுமை' என்பதாகவோ இல்லை என்பதை மட்டும் மனத்தில் குறித்து வைப்போம்.

'இன்றியமையாமை' என்ற மற்றச் சொல்லையும் சற்று நோக்க வேண்டும். அதனை இரும்புச் சட்டமாக எண்ணிக்கொள்வது நமது வழக்கம். இங்கு நினைவுகூரத் தக்க ஆய்வு ஒன்று நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்பதை 1954, 1955 ஆண்டுகளில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துக்காட்டினர். 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதைக் கணக்கிட்டு ஒரு வரைபடம் வரைந்தனர். அணுக்கள் ஒன்றையொன்று மோதாமல் இருக்க வேண்டும் என்ற எளிய விதியே அதற்கு அடிப்படை. அவ்வரைபடத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலம்; சில பகுதிகளே அனுமதிக்கப்பட்டவை. இன்றும் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்கள் அவ்வரைபடத்தின் முன் நிறுத்திச் சோதிக்கப்படுகின்றன. இங்கே இன்றியமையாமை செய்வது என்ன? வேலி கட்டுவது. வேலிக்குள் எங்கு நிற்பது என்பதை அது சொல்வதில்லை. மொனோவின் நூலிலும் இன்றியமையாமை இத்தகையதே.

அப்படியானால் தற்செயல் யாது? மொனோ இருவகைத் தற்செயலைப் பிரித்துக் காட்டுகிறார். பகடை உருட்டும்போது எவ்வெண் விழும் என அறியாதது நமது அறியாமையால் வரும் தற்செயல். போதிய நுண்மையோடு அளந்தால் அதனைக் கணித்துவிடலாம். மற்றொன்று வேறுவகைப்பட்டது. மருத்துவர் ஒருவர் அவசர அழைப்பை ஏற்று ஒரு நோயாளியின் வீட்டுக்கு நடக்கிறார். அதே வேளையில் பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் பழுது பார்க்கும் தொழிலாளியின் கையிலிருந்து சுத்தியல் நழுவி அவர் தலையில் விழுகிறது. மருத்துவர் நடந்ததற்குக் காரணம் உண்டு. சுத்தியல் விழுந்ததற்கும் காரணம் உண்டு. இரண்டும் சந்தித்ததற்குக் காரணம் இல்லை. டி.என்.ஏ.வைப் படியெடுக்கையில் நிகழும் பிழைக்கும், அப்பிழையால் புரதத்தின் தொழிலில் விளையும் மாற்றத்துக்கும் உள்ள உறவு இந்த இரண்டாம் வகை என்பது மொனோவின் வாதம். பிழையை உண்டாக்கும் நிகழ்ச்சி அதன் விளைவை அறியாது. திருத்தும் நொதிகள் இருந்தும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத சில பத்துப் புதிய மாற்றங்களைத் தன் டி.என்.ஏ.வில் ஏந்தியே வருகிறது என்பது இன்று அளந்தறியப்பட்ட செய்தி.

சுத்தியல் எடுத்துக்காட்டை வாசித்தபோது நூலை மூடிவைத்துவிட்டேன். என் ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கிராமச் சபையில் கொத்தனார் ஒருவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போகிறவர், அன்று பேருந்து வராததால் மிதிவண்டியில் சென்றார். சாலையோரப் புளியமரத்தின் கிளை ஒன்று முறிந்து அவர்மேல் விழுந்தது. அடக்க ஆராதனையில் நான் எடுத்துக்கொண்ட வசனம் பிரசங்கி 9:11. அதில் நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள 'தேவச்செயல்' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, காலமும் இடமும் குறித்தவர் அவரே என்று உருக்கமாகப் பேசினேன். மூன்றாம் நாள் வீட்டு ஜெபத்துக்குச் சென்றபோது அந்த விதவை, அழாமல், "ஐயரே, அப்போ அந்தக் கொப்ப முறிச்சது ஆண்டவர்தானா?" என்று கேட்டார். நான் ஒரு ஜெபம் செய்துவிட்டு வந்துவிட்டேன்.

அவ்வசனத்தின் எபிரேயச் சொல் 'பெகா' என்பதைப் பின்னரே ஆராய்ந்தேன். எதிர்ப்படுதல், வந்து சந்தித்தல் என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. பழைய ஏற்பாட்டில் இன்னொரு முறை மட்டுமே, 1 இராஜாக்கள் 5:4இல், சாலொமோன் ஈராமுக்கு அனுப்பிய செய்தியில் வருகிறது. அங்கு நம் மொழிபெயர்ப்பாளர் அதனைத் தேவச்செயல் என்று பெயர்க்கவில்லை. ரூத் 2:3இல் ரூத் போவாசின் வயலுக்கு வந்து சேர்ந்ததும், லூக்கா 10:31இல் ஆசாரியன் அவ்வழியே வந்ததும் நம் திருமறையில் 'தற்செயலாய்' நிகழ்ந்தவையே. லூக்காவிலுள்ள கிரேக்கச் சொல்லுக்கும் கூடி நேர்தல் என்பதே பொருள். ஆக, எபிரேயமும் கிரேக்கமும் இரு கோடுகளின் சந்திப்பைக் குறிக்கும் இடத்தில், தமிழ் ஓரிடத்தில் தற்செயல் என்றும் மற்றோரிடத்தில் தேவச்செயல் என்றும் கூறுகிறது. வாழ்வு தரும் சந்திப்பைத் தற்செயல் என்றும், சாவும் தோல்வியும் தரும் சந்திப்பைத் தேவச்செயல் என்றும் பெயர்த்த விந்தையைக் கவனியுங்கள். மொழிபெயர்த்தோரின் பக்தி விளங்காமலில்லை. ஆனால் அந்தப் பக்தியின் பாரத்தைச் சுமந்தது ஒரு கொத்தனாரின் மனைவி.

இங்கு ஒரு பெருந்தடை எழுகிறது. சீர்திருத்தத் திருச்சபையின் ஆசானாகிய கால்வின் தம் 'கிறிஸ்தவ சமய நிறுவனங்கள்' நூலின் முதற்புத்தகம் 16ஆம் அதிகாரத்தில் தற்செயல் என்பதையே மறுக்கிறார். மரம் விழுந்து வழிப்போக்கன் சாவதைத்தான் அவரும் எடுத்துக்காட்டாகத் தருகிறார்! அதிர்ஷ்டம் என்று உலகம் கூறுவதைக் கடவுளின் மறைவான திட்டம் ஆளுகிறது என்பது அவர் போதனை. நமக்குக் காரணம் மறைந்திருப்பதால் அவை தற்செயல்போல் தோன்றும் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். மொனோவின் சொற்களில் கூறினால், கால்வினுக்குத் தெரிந்தது பகடைத் தற்செயல் மட்டுமே. சுத்தியல் தற்செயலை அவர் ஏற்கவில்லை. ஒரே ஹியூகனாட் மரபின் தந்தையும் அதன் வழிவந்த மைந்தரும் ஒரே மரத்தடியில் எதிரெதிராக நிற்கின்றனர். கால்வினைவிட நாம் ஞானிகள் என்று எண்ணுவது மடமை. ஆயினும் நொதிகளைப் பற்றி நாம் அறிந்ததை அவர் அறியார் என்பதும் மெய்.

நாம் அறிந்ததில் ஒன்றைச் சொல்கிறேன். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது. அவற்றுள் பீட்டாச் சங்கிலி ஒவ்வொன்றும் 146 கண்ணிகள் உடையது. அதன் ஆறாம் கண்ணியில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்துவிட்டால், செவ்வணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது அரிவாள் போல் வளைந்து நுண்குழாய்களை அடைத்துவிடுகின்றன. டி.என்.ஏ.வில் ஓரெழுத்துப் பிழைதான் அது. 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர் துணைவரும் இதனை மூலக்கூற்று நோய் என்று அழைத்தனர். எந்தக் கண்ணி மாறியுள்ளது என்ற தேடலில் 1956இல் வெற்றிக்கு வழி திறந்தவர் வெர்னன் இன்கிராம். தென்னிந்தியாவில் இப்பண்பு முதன்முதல் அறிவிக்கப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. பெற்றோர் இருவரும் இப்பிழையை ஒற்றைப் படியாக ஏந்தியிருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. அதே ஒற்றைப் படி, ஏந்தியவரைக் கடும் மலேரியாவிலிருந்து பெரிதும் காக்கிறது என்று 1954இல் ஆன்டனி அலிசன் காட்டினார். பிழை தற்செயலாய் வந்தது. மலேரியாக் காட்டில் அது நிலைத்தது இன்றியமையாமையால். மொனோவின் நூல் முழுவதும் அந்த ஆறாம் கண்ணியில் அடங்கியிருக்கிறது.

இந்நோயுள்ள குழந்தையின் தாய் போதகரிடம் வந்தால் கேட்கும் கேள்வி எது என்பதை ஊழியர் அனைவரும் அறிவர். யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர் கேட்டதே அது. யார் செய்த பாவம்? எந்தச் சாபம்? மாமியார் ஒரு விடை வைத்திருப்பார். அண்டை வீட்டார் இன்னொரு விடை வைத்திருப்பர். வருத்தத்தோடு கூறுகிறேன், சில போதகரும் விடை வைத்திருக்கின்றனர். அந்த இடத்தில், "அம்மா, இது எவர் குற்றமும் அன்று, இது தற்செயல்" என்று கூறுவது கடவுளை மறுப்பதாகுமா? தற்செயல் என்ற சொல் மனிதனை நாடு கடத்தும் தீர்ப்பு என்று மொனோ எண்ணினார். அந்தத் தாய்க்கு அது குற்றச்சாட்டினின்று விடுதலை.

மொனோவின் மீது எனக்குள்ள பெரிய குறைபாடு இங்குதான். பாக்டீரியாவைப் பற்றி எழுதும்போது, கட்டு இல்லாமை அவருக்குச் செல்வமாகவும் சுதந்திரமாகவும் காட்சியளிக்கிறது. மனிதனைப் பற்றி எழுதும் இறுதிப் பக்கங்களில் அதே கட்டு இல்லாமை செவிட்டுப் பேரண்டமாகவும், அறுந்துபோன பழைய உடன்படிக்கையாகவும் மாறிவிடுகிறது. இடையில் புதிய சோதனை எதுவும் நடைபெறவில்லை. புதிய மூலக்கூறு எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. மாறியது ஆசிரியரின் மனநிலையே. புறவய அறிவை மேற்கொள்வது ஓர் அறவழித் தேர்வேயன்றி, அறிவினால் நிறுவப்பட்டதன்று என்று அவரே நேர்மையோடு ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையைத் தம் துயரத்துக்கும் அவர் நீட்டியிருக்கலாம். அதுவும் சோதனைச்சாலை தந்த முடிவன்று என்று கூறியிருக்கலாம்.

உயிரின் தோற்றம் கிட்டத்தட்ட நிகழவியலாத ஒரே ஒரு நற்பேறு என்ற அவருடைய கணிப்பும் காலத்தால் ஆட்டங்கண்டுள்ளது. புரதமின்றி டி.என்.ஏ. படியெடுக்கப்படாது, டி.என்.ஏ. இன்றிப் புரதம் உண்டாகாது என்ற சிக்கலை அவர் பெரும்புதிராகக் கண்டார். 1982இல் தாமஸ் செக், ஆர்.என்.ஏ. தானே நொதிபோல் செயற்படக் கண்டபோது அப்புதிருக்கு ஒரு வாசல் திறந்தது. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023இல் கொண்டுவரப்பட்ட மண்ணில், புரதங்களுக்குரிய 20 அமினோ அமிலங்களில் 14ம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றுக்குரிய ஐந்து எழுத்துக் காரங்களும் இருப்பது 2025இல் அறிவிக்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற பெல்ஜிய உயிர்வேதியியலறிஞர் கிறிஸ்தியான் டி டூவ் 1995இல் எழுதிய நூலில், ஏற்ற சூழ்நிலையில் உயிர் தோன்றியே தீரும் என்று மொனோவுக்கு நேர்மாறாக வாதிட்டார். இவ்விருவருள் யார் சரி என்பது வேதியியலார் தீர்க்க வேண்டிய வழக்கு. நாம் ஒரு பக்கம் பந்தயம் கட்டிவிட்டு அதன்மேல் விசுவாசத்தைக் கட்டலாகாது.

பந்தயம் கட்டிக் கெட்டவன் என்ற முறையில் இதனைக் கூறுகிறேன். 100 கண்ணிகள் உடைய ஒரு சிறு புரதம் குருட்டாம்போக்கில் அமைவதற்குள்ள வாய்ப்பு, 1ஐ அடுத்து 130 சுழிகள் இட்ட எண்ணில் ஒன்றுதான்; ஆகவே கடவுள் உண்டு என்று வாலிபர் ஞாயிறன்று முழங்கினேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, உயிர்வேதியியல் பயிலும் மாணவி ஒருவர், புரதங்கள் ஒரே குலுக்கலில் அமைவதில்லை என்றும், சிறிது பயன்பட்டதும் காக்கப்பட்டுப் படிப்படியாகத் திருந்துகிறது என்றும், ஒரே தொழிலைப் பலவேறு வரிசைகள் செய்யக் கூடும் என்றும் மிக மரியாதையாக எடுத்துரைத்தார். பின்பு, "ஐயா, இந்தக் கணக்குத் தப்பென்று தெரிந்தால் கடவுளும் இல்லை என்று ஆகிவிடுமா?" என்றார். அக்கேள்விக்குப் பின் அப்பிரசங்கத்தை நான் மறுபடி எடுக்கவில்லை.

மொனோவுக்கு இறையியல் முறையில் விடையளித்தோரில் ஆர்தர் பீக்காக் முதன்மையானவர். டி.என்.ஏ.வின் இயல்புகளை ஆராய்ந்த உயிர்வேதியியலாரும் ஆங்கிலிக்கன் குருவுமாகிய அவர், 1978இல் ஆற்றிய பேம்ப்டன் சொற்பொழிவுகளில், தற்செயலைக் கடவுளின் படைப்பு முறையாகவே கண்டார். இசையமைப்பாளர் ஒரு சிறு பண்ணைப் பலவாறு விரித்துச் செல்வதுபோல், விதியும் தற்செயலும் கூடிய ஆட்டத்தில் படைப்பின் உள்ளாற்றல்கள் வெளிப்படுகின்றன என்பது அவர் உவமை. மொனோவிடம் கற்றுக்கொண்டு மொனோவையே திருத்தும் இம்முறை நம் மாணவர் பின்பற்றத் தக்கது. ஆயினும் இசை உவமை எனக்கு முழு நிறைவு தரவில்லை. பாக்டீரியாவுக்கு அது பொருந்தும். புளியமரத்தடியில் அதைச் சொல்ல எனக்கு நா எழாது. தம் படைப்பு தளர்வோடு இயங்கக் கடவுள் இடங்கொடுத்தார் என்பதோடு, அத்தளர்வின் காயத்தைத் தாமும் ஏற்றார் என்பதையும் சேர்த்துக் கூறாத உவமை சிலுவைக்கு இப்பால் நின்றுவிடுகிறது.

பல ஆண்டுகளுக்குப் பின் அதே கிராமத்தில் வேறோர் அடக்க ஆராதனைக்கு அழைக்கப்பட்டேன். இம்முறை லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்தேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவரைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு சொன்னதை மட்டும் விளக்கிவிட்டு, யார் கோபுரத்தை வீழ்த்தினார் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட்டு அமர்ந்தேன். கொத்தனாரின் மனைவி, தலை நரைத்தவராய், பெண்கள் வரிசையில் இருந்தார். வெளியே வந்து என் கையைப் பற்றிக்கொண்டு, "அந்தப் பதினெட்டுப் பேருக்கும் வீட்டுக்காரிக இருந்திருப்பாங்கல்ல, ஐயரே?" என்றார்.